காளியின் நாக்கும் எட்டு மில்லிமீட்டர் கட்டமும்

நெல்லிக்குப்பத்தில் ரயிலேறித் தெற்கே போனால் சிதம்பரம். அந்த ஊரின் வடக்கு எல்லையில் தில்லைக் காளி கோயில் கொண்டிருக்கிறாள். ஓர் ஆங்கில இசைக்குழுவின் சின்னத்தை விளையாட்டுக் கட்டைகளால் செய்வது பற்றி எழுத வந்து, காளியிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1970இல் தனக்கொரு சின்னம் தேடியது. பாடகர் மிக் ஜாகர், நாக்கை நீட்டி நிற்கும் காளியின் படத்தை எடுத்துக் காட்டினார். லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவர் ஜான் பாஷ் அதிலிருந்து சிவந்த உதட்டையும் நீண்ட நாக்கையும் உருவாக்கினார். கூலி 50 பவுண்டு. 1971இல் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ இசைத்தட்டோடு அது உலகெங்கும் போயிற்று. மூல ஓவியத்தை 2008இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 92,500 டாலர் கொடுத்து வாங்கியது. குழு தொடங்கி 60 ஆண்டானபோது, 2022இல், டென்மார்க்கின் லெகோ நிறுவனம் அதே சின்னத்தை 1,998 துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்றது.

வளைவைத் தவிர வேறொன்றும் இல்லாத படம் அது. கட்டையிலோ எல்லாம் நேர்கோடு. எப்படி ஒத்துப்போகிறது?

லெகோ கட்டையின் மேலுள்ள குமிழ்களைப் பாருங்கள். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு சரியாக 8 மி.மீ. நம் வீட்டு வாசலில் கோலத்துக்கு வைக்கும் நேர்ப்புள்ளிதான் இது. படத்தின் மேல் கட்டம் போட்டு, கட்டத்துக்கொரு நிறம் வைத்தால் உருவம் வந்துவிடும். ஆனால் உதட்டின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும். மனிதக் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். கணக்குப் போட்டால், 8 மி.மீ. படி மறைய ஏறத்தாழ 27 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எந்த வீட்டுக் கூடம் அவ்வளவு நீளம்!

படியைச் சிறிதாக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டு குமிழ் நீளமுள்ள தட்டில் நடுவே ஒரே குமிழ் வைத்த துண்டு ஒன்று கிடைக்கும். அதன்மேல் வைப்பது அரைக் கட்டம், அதாவது 4 மி.மீ., நகர்ந்து உட்காரும். கோலம் போடுபவர்களுக்கு இது புதிதல்ல: இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழும் ஊடுபுள்ளியேதான். இதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. மெல்லிய தட்டின் உயரம் 3.2 மி.மீ. ஐந்து தட்டை அடுக்கினால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். ஆகவே அடுக்கைப் பக்கவாட்டில் படுக்க வைத்தாலும் இடைவெளியின்றிப் பொருந்தும். இப்போது ஒரு திசையில் படி 3.2 மி.மீ. மட்டுமே, 11 மீட்டரிலேயே மறைந்துவிடும். நாக்கின் மெல்லிய சரிவு இதில்தான் உயிர் பெறுகிறது. நாக்கின் நுனி போன்ற இறுக்கமான வளைவுக்குக் கால்வட்டத் துண்டுகளே நல்லது.

1958இல் விண்ணப்பித்துப் பெற்ற லெகோ கட்டையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதே 8 மி.மீ. அளவில் மற்ற நிறுவனங்களும் கட்டை செய்கின்றன; விலையும் குறைவு. ஒரு நிறுவனத்தின் சிவப்பு இன்னொன்றின் சிவப்போடு சேராது, அதை மட்டும் கவனித்து வாங்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் விடுமுறையில் செய்து பாருங்கள். கட்டை வாங்குமுன் வரைபடத் தாளில் 48க்கு 48 கட்டம் எடுத்துப் படத்தை நிரப்பச் சொல்லுங்கள். கட்டையில் அது 38.4 செ.மீ. சதுரமாக வரும். கோலம் போடத் தெரிந்த பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கறுப்பு வெளிக்கோட்டை முதலில் முடியுங்கள். சிவப்பும் வெள்ளையும் அதற்குப் பிறகு.