பழைய மோட்டார் சைக்கிளின் வயதை எதனால் அளப்பது?

பழைய மோட்டார் சைக்கிள்களை மெருகூட்டிக் காட்சிக்கு வைப்போர் உலகெங்கும் உளர். அவற்றை மீண்டும் சேற்றிலும் மேட்டிலும் பாயவிடுவோரும் உளர். கரடுமுரடான மண் தடத்தில் ஓடும் மோட்டோகுரொஸ் பந்தயத்தில் பழைய வண்டிகளுக்கெனத் தனிப் பிரிவுகள் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பல ஆண்டுகளாக நடைபெற்று வருகின்றன. எந்த வண்டி அதில் சேரத் தகுதியுடையது என்பது அங்கு ஓயாத வாதமாகவே இருந்து வருகின்றது.

மேலோட்டமாக நோக்கின் இது எளிய விடயமே. ஓர் ஆண்டைக் குறித்து, அதற்குப் பிற்பட்டவை வரலாகாது என்றால் தீர்ந்தது. பிரித்தானியாவில் '1965க்கு முற்பட்டவை' என்ற பிரிவு நெடுங்காலமாக உண்டு. அமெரிக்க வரலாற்றுப் பந்தய மோட்டார் சைக்கிள் சங்கமோ 1974ஆம் ஆண்டு மாதிரிகளை எல்லையாகக் கொண்டுள்ளது. ஆயினும் அச்சங்கம் ஆண்டோடு நின்றுவிடவில்லை. முன்சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம் 7 அங்குலத்தையும், பின்சக்கரம் அசையும் தூரம் 4 அங்குலத்தையும் தாண்டலாகாது என்றும் அதன் விதி கூறுகின்றது.

இந்த அங்குலக் கணக்கின் காரணத்தை அறிய 1973ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு சுவீடன் வீரர் ஹொக்கன் அன்டர்சன், பின்புறத்தில் ஒற்றை அதிர்வுதாங்கி மட்டும் பொருத்தப்பட்ட யமஹா வண்டியில் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். அவ்வமைப்பு பெல்ஜியப் பொறியியலாளர் லூசியன் டில்கென்ஸின் சிந்தனையில் உதித்தது. சக்கரம் அதிக தூரம் எழுந்து தாழ்ந்தமையால், குழிகளைக் கண்டு வேகத்தைத் தணிக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது. ஏனைய நிறுவனங்களும் வாளாவிருக்கவில்லை. ஜேர்மனியின் மைக்கோ நிறுவனம் 1974இன் நடுப்பகுதியில், வழமையான இரட்டை அதிர்வுதாங்கிகளையே முன்தள்ளிப் பொருத்தி அசைவைக் கூட்டிவிட்டது. அவ்வண்டியை ஆர்வலர்கள் 'எழுபத்துநான்கரை' என்றே இன்றும் அழைப்பர். அத்தசாப்தம் முடிவதற்குள் அசைவு 12 அங்குலத்தை எட்டியது.

ஆகவே, 1974 என்ற ஒரே எண்ணுக்குள் இரு வேறு காலங்கள் அடங்கிக் கிடக்கின்றன. ஆண்டை மட்டும் பார்த்து அனுமதித்தால், பழைய செக்கோஸ்லோவாக்கிய சீஇசட் வண்டியை ஓட்டுபவர் தொடக்கக் கோட்டிலேயே தோற்றவராவார். பாதுகாப்பும் இதில் உண்டு. இப்பந்தயங்களுக்கான தடங்கள் பழைய வண்டிகள் தாங்கக்கூடிய மேடுகளைக் கொண்டே அமைக்கப்படுகின்றன. ஓட்டுபவர்களிலும் எமது வயதினரும் எம்மிலும் மூத்தோரும் ஏராளம். வயதின்படி தனிப் பிரிவுகள் வகுக்கப்பட்டிருப்பதும் அதனாலேயே.

உதிரிப்பாகங்களின் விடயம் இதனிலும் சிக்கலானது. அரை நூற்றாண்டு பழைமையான சட்டமும் சக்கரமும் உடைந்தால் எங்கே தேடுவது? எனவே, தோற்றத்திலும் இயங்கும் முறையிலும் மாறுபடாத பிற்காலப் பாகங்களை 'ஒத்த வடிவமைப்பு' என ஏற்கின்றனர். இத்தளர்வு இன்றேல் பல வண்டிகள் என்றோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆனால் அதே வாசல் வழியாகப் பணமும் நுழைகின்றது. பழைய பெயர் தாங்கிய, முற்றிலும் புதிதாகவும் இலகுவாகவும் வார்க்கப்பட்ட பாகங்களாலான வண்டி, கொட்டகையில் பேணிக் காத்த அசல் பிஎஸ்ஏ ஒன்றுடன் மோதுவது நீதியாகுமா? பாகம் பழுதானால் மாற்றுவது வேறு, வெல்வதற்காக மாற்றுவது வேறு என்பதே எமது கருத்து. பரிசோதகர்கள் அளவுகோலை எடுப்பதற்குத் தயங்கலாகாது.

1974க்குப் பிற்பட்ட வண்டிகளும் இன்று முதுமை எய்திவிட்டன. அவற்றுக்கும் பிரிவுகள் திறக்கப்பட்டுள்ளன. அங்கே எஞ்சினைக் குளிர்விப்பது காற்றா நீரா, பிரேக் டிரம்மா டிஸ்க்கா என்பதில் வாதம் மீண்டும் தொடங்கியிருக்கின்றது.