பட்டம் வழங்க இயலாத சர்வகலாசாலை

கத்தோலிக்க சர்வகலாசாலை என்னும் தொடரைக் கேட்டதும், அவ்விரு சொற்களும் ஒருங்கு நிற்கத்தக்கனவோ என்று ஐயுறுவோர் உளர். சர்வகலாசாலை என்பது எக்கலையையும் தடையின்றி ஆராயும் இடம். திருச்சபையோ தான் உண்மையெனக் கண்ட கோட்பாடுகளைக் காத்து நிற்பது. இவை இரண்டும் ஒரே கூரையின்கீழ் வாழுமா? இவ்வினாவை வெறும் வாதமாக விட்டுவிடாமல், கட்டடமும் ஆசிரியரும் மாணவரும் கொண்டு சோதித்துப் பார்த்த நகரம் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளின். சோதித்தவர் ஜோன் ஹென்றி நியூமன். 1854 ஆம் ஆண்டு அங்கே திறக்கப்பட்ட கத்தோலிக்க சர்வகலாசாலையின் நோக்கமும், அங்குக் கற்பித்த கலைகளும், அதற்கு நேர்ந்த இடர்களுமே இன்றைய பேச்சின் பொருள்.

அக்காலத்து அயர்லாந்தின் நிலையை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். மக்களிற் பெரும்பாலார் கத்தோலிக்கர். எனினும் நாட்டின் பழைய சர்வகலாசாலையாகிய டிரினிற்றிக் கல்லூரி, 1592 ஆம் ஆண்டு தொடக்கம் அங்கிலிக்கன் திருச்சபையின் கல்லூரியாகவே இருந்துவந்தது. 1793 இல் இயற்றிய சட்டத்தின் பயனாகக் கத்தோலிக்கரும் அங்கே கற்றுப் பட்டம் பெற வழி பிறந்தது. ஆனால் உபகாரப் புலமைப் பரிசிலும் ஆசிரியப் பதவியும் அவர்க்கு எட்டாக்கனியாகவே இருந்தன. இக்குறையை நீக்கக் கருதிய பிரதம மந்திரி றொபேட் பீல், 1845 இல் பெல்பாஸ்ற், கோர்க், கால்வே ஆகிய மூன்று நகரங்களில் அரசியார் பெயரால் கல்லூரிகளை நிறுவச் சட்டம் செய்தார். எச்சமயத்தவரும் அவற்றிற் சேரலாம். ஆயின் சமயபோதனைக்கு அரசாங்கப் பணத்தில் ஒரு காசும் கிடையாது. மேற்றிராணியார்கள் இதை ஏற்கவில்லை. கடவுளை வாயிலுக்கு வெளியே நிறுத்திய கல்லூரிகள் என்று அவற்றைக் குறைகூறினர். 1850 இல் தர்ள்ஸ் என்னும் ஊரிற் கூடிய ஆயர் சங்கம் அக்கல்லூரிகளைக் கண்டித்ததோடு, பெல்ஜியத்து லூவேன் சர்வகலாசாலையை ஒத்த ஒன்றைத் தாமே நிறுவுவதெனத் தீர்மானித்தது.

பணம் எங்கிருந்து வரும்? உருளைக்கிழங்குப் பயிரிற் கண்ட நோயால் நேர்ந்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டு, அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறிப்போன காலம் அது. அப்பஞ்சத்திற் பிழைத்து எஞ்சியவர்கள் கோவில் வாயிலில் இட்ட செப்புக்காசுகளே சர்வகலாசாலையின் மூலதனமாயின. தம் பிள்ளைகள் அங்குக் காலடி வைப்பர் என்ற நம்பிக்கை அவருட் பலருக்கு இருந்திராது.

அதிமேற்றிராணியார் போல் கல்லன் இப்பணிக்கு அழைத்தது ஓர் ஆங்கிலேயரை. 1801 இல் இலண்டனிற் பிறந்த நியூமன், ஒக்ஸ்போட்டில் ஒரியல் கல்லூரியின் ஆசிரியராகவும் அங்கிலிக்கன் குருவாகவும் விளங்கிப் பெரும் புகழ் படைத்தவர். 1845 இல் கத்தோலிக்கராகித் தம் பழைய நண்பர் பலரையும், உயிரினும் இனிய ஒக்ஸ்போட்டையும் இழந்தவர். கல்லனின் உள்ளத்தில் இருந்த மாதிரி லூவேன்; நியூமனின் உள்ளத்தில் இருந்ததோ ஒக்ஸ்போட். பின்னர் விளைந்த பிணக்குகளுக்கு வித்து இங்கேயே விழுந்தது எனலாம்.

1852 ஆம் ஆண்டு மே மாதந் தொடங்கி, டப்ளினிலுள்ள றொட்டண்டா மண்டபத்தில் நியூமன் ஐந்து சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவற்றோடு வேறு சிலவுஞ் சேர்ந்து, பிற்காலத்தில் சர்வகலாசாலை பற்றிய நூலாக விரிந்து, இன்றும் கல்வி பற்றி எழுதுவோர் எடுத்துப் பார்க்கும் நூலாக நிலவுகின்றது. அவர் வகுத்த நோக்கத்தைச் சற்று நின்று நோக்குவோம்.

அறிவு முழுவதும் ஒரு வட்டம் போன்றது என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. பௌதிகம், வரலாறு, பொருளியல், வைத்தியம் எனப் பல துறைகள் அவ்வட்டத்தில் தத்தமக்குரிய இடத்தைப் பற்றி நிற்கின்றன. ஒன்றை அகற்றினால் அவ்விடம் வெற்றிடமாக இராது. அயலிலுள்ள துறை தன் எல்லையைக் கடந்து அதனுட் புகுந்துவிடும். ஓர் உதாரணம் கூறுவோம். கொள்ளைநோய் பரவிய வீட்டினுட் செல்வது உயிர்க்கு ஆபத்து என்று வைத்தியன் கூறுகின்றான். அஃது அவன் கலைக்கு உட்பட்ட உண்மை. ஆனால் அவ்வீட்டிலே தாய் நோயுற்றுக் கிடக்கையில் மகன் உள்ளே போகலாமா கூடாதா என்பது வைத்தியக் கலை விடையிறுக்கும் வினா அன்று. அவ்வினாவிற்குரிய சாத்திரத்தைக் கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டால், வைத்தியனே அதற்கும் தீர்ப்புக் கூறத் தொடங்குவான். அவன் கூற்று விஞ்ஞானத்தின் கூற்றென்று மதிக்கப்படும். ஆகவே வேதசாத்திரம் சர்வகலாசாலையில் இடம்பெறல் வேண்டும் என்றார் நியூமன். ஒரு கலையாக அதற்குரிய ஆசனம் அதற்கு வேண்டும் என்பதே அவர் வாதம். பிற கலைகளை அது அடக்கியாளல் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்தது பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. கல்வியின் பயன் யாது என்று கேட்டவர்களுக்கு, அறிவே அறிவின் பயன் என்று விடை கூறினார். உடல்நலம் எவ்வாறு தன்னளவில் நன்மையோ, அவ்வாறே தெளிந்து சிந்திக்கும் மனமும் தன்னளவில் நன்மை. அது தொழிலுக்கும் உதவும். ஆனால் தொழிலுக்காக மட்டும் அதனைத் தேடுதல் தகாது. அதுமட்டுமன்று: கல்வி மனிதனைப் பண்புடையோன் ஆக்கும், புனிதனாக்காது என்றும் ஒளியாது சொன்னார். ஒரு குருவானவர், ஆயர்களின் பணத்தில் நடக்கும் கழகத்தின் தலைவர், இவ்வாறு கூறியது துணிவான செயலே. தருக்கத்தாலும் இலக்கியத்தாலும் பாவத்தை வெல்லலாம் என்று எண்ணுவது கல்வியின் மேல் ஏற்றலாகாத சுமை என்பது அவர் துணிபு.

விஞ்ஞானத்தைக் குறித்து, 1855 இல் விஞ்ஞானப் பகுதியினர்க்கென வரைந்த உரையில் அவர் மேலும் ஓரடி எடுத்துவைத்தார். ஆராய்ச்சி செய்வோன் அடிக்கடி சமயக்கோட்பாட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அஞ்சிக்கொண்டிருந்தால் ஆராய்ச்சி நடவாது. தவறான வழிகளிற் சென்று மீள்வதும் உண்மையைத் தேடுவதன் ஒரு பகுதியே. உண்மை உண்மைக்கு முரணாகாதாகையால் பொறுமை வேண்டும் என்பன அதன் சாரம். ஆனால் ஒன்று கூறவேண்டும். புதியன கண்டறிதல் கழகங்களின் வேலை, கற்பித்தலே சர்வகலாசாலையின் வேலை என்று நியூமன் இரண்டையும் பிரித்து வைத்தார். இப்பிரிவினை இன்று எவருக்கும் உவப்பாக இராது. அவர் நடத்திய சர்வகலாசாலையே அதற்கு அடங்கி நடக்கவில்லை என்பதை இனிக் காண்போம்.

1854 நவம்பர் 3 ஆந் தேதி, சென் ஸ்டீவன்ஸ் கிறீன் என்னும் சதுக்கத்தில் 86 ஆம் இலக்க மாளிகையில் வகுப்புகள் தொடங்கின. வேதசாத்திரம், சட்டம், வைத்தியம், தத்துவமும் இலக்கியமும், விஞ்ஞானம் என ஐந்து பீடங்கள் வகுக்கப்பட்டன. பேராசிரியருட் பெரும்பாலார் குருமாரல்லாத பொதுமக்கள். மாணவர் சிறுசிறு இல்லங்களாகப் பிரிந்து, ஒவ்வோர் இல்லத்திலும் மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் வாழ்ந்தனர். ஓர் இல்லத்திற்கு நியூமனே தலைவர். ஆசிரியரும் மாணவரும் ஒருங்கு உண்டு உரையாடி வாழ்வதில் விளையும் கல்வி, பரீட்சையில் விளையும் கல்வியினும் மேலானது என்பது ஒக்ஸ்போட் அவருக்குக் கற்பித்த பாடம். பகலில் தொழில் செய்யும் இளைஞருக்காக 1858 இல் மாலை வகுப்புகளும் தொடங்கப்பெற்றன.

கலைப்பீடத்தில் யாம் சிறப்பாகக் குறிப்பிட வேண்டிய ஒருவர் யூஜின் ஓகறி. கிளேர் மாவட்டத்துக் கமக்காரர் ஒருவரின் மகன். கல்லூரி வாயிலையே மிதியாதவர். தந்தையார் பேணிய பழக்கத்தால் பழைய ஐரிஷ் ஏட்டுச்சுவடிகளைப் படிக்கப் பயின்று, அத்துறையில் அக்காலத்து நிகரற்ற புலமை எய்தியவர். ஆங்கிலேயராகிய நியூமன், ஐரிஷ் வரலாற்றுக்கும் தொல்பொருளியலுக்கும் ஒரு பேராசிரியர் பீடம் அமைத்து, பட்டம் எதுவுமில்லாத இவரை அதில் அமர்த்தினார். அவருடைய விரிவுரைகளைத் தாமே மாணவர் நடுவில் இருந்து கேட்டார். ஆங்கிலம் ஓங்கி, பஞ்சத்தின் பின் ஐரிஷ் மொழி பேசுவோர் அருகிவந்த நாளில் இது நிகழ்ந்தது. பழைய சுவடிகளைப் பற்றிய அவ்விரிவுரைகள் 1861 இல் நூலாக வெளிவந்தன. ஐரிஷ் எழுத்துகளை அச்சிடற்கெனச் சர்வகலாசாலைக்காகத் தனி அச்செழுத்தும் வார்க்கப்பட்டது. 1858 இல் தொடங்கிய அத்லாந்திஸ் என்னும் சஞ்சிகை பேராசிரியரின் ஆராய்ச்சிகளை வெளியிட்டது. கற்பித்தலே போதும் என்றவரின் கழகத்தில் ஆராய்ச்சி இவ்வாறு தழைத்தது.

இத்துணையும் இருந்தும் இன்றியமையாத ஒன்று இல்லை. பட்டம் வழங்குதற்கு அரச சாசனம் வேண்டும். பிரித்தானிய அரசாங்கம் அதனை அளிக்க மறுத்துவிட்டது. பாப்பரசரின் அநுமதி கிடைத்திருந்தது. ஆயின் நாட்டுச் சட்டம் அப்பட்டத்தை மதிக்கவில்லை. மகனை நான்கு ஆண்டுகள் அங்கே விட்டால் கையில் என்ன பெற்றுக்கொண்டு வருவான் என்று தந்தையார் கேட்பது இயல்பன்றோ? அறிவே அறிவின் பயன் என்பது நூலில் இடம்பெற்ற விடை. வட்டிக்குப் பணம் வாங்கி மகனைப் படிப்பிக்கும் தந்தைக்கு அஃது அரைவிடையே. கலைப்பீடத்தில் மாணவர் தொகை பெருகவில்லை.

நேயர்களே, இதற்கு மாறாக வைத்தியப் பீடத்தைப் பாருங்கள். நியூமன் குறித்துவைத்த கணக்கின்படி, டப்ளினிலிருந்த ஐந்து வைத்தியப் பள்ளிகளில் விரிவுரையாளர் 49 பேர். அவருட் கத்தோலிக்கர் இருவரே. அவர் சிசிலியா வீதியில் விலைக்கு வந்த வைத்தியப் பள்ளியொன்றை வாங்கி 1855 இல் திறந்தார். வைத்தியராதற்குச் சர்வகலாசாலைப் பட்டமே வேண்டும் என்பதில்லை. சத்திரவைத்தியர் கல்லூரி முதலியன நடத்தும் பரீட்சையில் தேறி அநுமதிப்பத்திரம் பெற்றாற் போதும். அச்சபைகள் சிசிலியா வீதி விரிவுரைகளை ஏற்றுக்கொண்டன. ஆகவே அப்பள்ளி வளர்ந்து, அயர்லாந்தின் பெரிய வைத்தியப் பள்ளிகளுள் ஒன்றாயிற்று. ஒரே தலைவர், ஒரே நோக்கம், ஒரே நகரம். ஒரு பீடம் செழிக்க மற்றொன்று வாடியது. வேறுபாடு ஒரு காகிதத்தில் இருந்தது.

நியூமனுக்கும் கல்லனுக்கும் இடையே மனவேற்றுமையும் முற்றிற்று. நிதி நிர்வாகத்திற் பொதுமக்களுக்குப் பங்கு வேண்டும் என்றார் நியூமன், கல்லன் இசையவில்லை. மாணவர்க்கு அளித்த சுதந்திரம் கட்டுப்பாட்டுக் குறைவு என அதிமேற்றிராணியாருக்குத் தோன்றிற்று. கடிதங்கள் மறுமொழியின்றிக் கிடந்தன. 1858 நவம்பரில் நியூமன் பதவி துறந்தார். இருவருள் எவரையும் குற்றவாளி ஆக்குவதற்கில்லை. ஏழை மக்களின் காசுக்குப் பொறுப்பாளி கல்லன். கல்விக்குப் பொறுப்பாளி நியூமன்.

சாசனப் பிரச்சினை இலண்டன் பாராளுமன்றம் வரை சென்றது. 1873 இல் பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் கொண்டுவந்த ஐரிஷ் சர்வகலாசாலை மசோதா மூன்றே வாக்குகளால் தோல்வியுற்றது. பின்னர் 1879 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இலண்டன் சர்வகலாசாலையைப் பின்பற்றிப் பரீட்சை மாத்திரம் நடத்தும் அரச சர்வகலாசாலை ஒன்று தோன்றியது. எங்குக் கற்றவரும் அதன் பரீட்சைக்குத் தோற்றலாம். பெண்களும் பட்டம் பெறலாம். கொழும்பிலே 1921 முதல் 1942 வரை இருந்த யூனிவர்சிற்றிக் கல்லூரியும் மாணவரை இலண்டன் பரீட்சைக்கே ஆயத்தஞ் செய்ததென்பதை நம்மவர் அறிவர். ஏறத்தாழ அவ்வகை ஏற்பாடே அதுவும்.

சென் ஸ்டீவன்ஸ் கிறீன் மாளிகை யூனிவர்சிற்றிக் கல்லூரி என்னும் பெயர் பெற்று, 1883 இல் சேசு சபையாரின் கையிற் சேர்ந்தது. கவிஞர் ஜெராட் மான்லி ஹொப்கின்ஸ் 1884 முதல் 1889 இல் இறக்கும் வரை அங்கே கிரேக்கம் கற்பித்து, மலைபோற் குவியும் பரீட்சைத் தாள்களைத் திருத்திச் சோர்ந்தார். 1898 முதல் 1902 வரை அங்குப் பயின்ற மாணவர் ஒருவர் ஜேம்ஸ் ஜொய்ஸ். அவர் பின்னர் திருச்சபையை விட்டு விலகினார். ஆயினும் நியூமனின் உரைநடையைப் புகழ்வதை விட்டாரில்லை.

முடிவில் 1908 ஆம் ஆண்டுச் சட்டம் அயர்லாந்துத் தேசிய சர்வகலாசாலையைத் தோற்றுவித்தது. நியூமன் நிறுவிய கழகத்தின் வழிவந்த கல்லூரியும், சிசிலியா வீதி வைத்தியப் பள்ளியும் அதனுட் சேர்ந்து, டப்ளின் யூனிவர்சிற்றிக் கல்லூரியாயின. நெடுங்காலம் மறுக்கப்பட்ட பட்டமளிக்கும் உரிமை கிடைத்தது. அதற்கு ஈடாக ஒரு விதியும் வந்தது: அரசாங்கப் பணத்தில் வேதசாத்திரம் கற்பித்தலாகாது. நியூமன் எந்த ஆசனத்திற்காக வாதாடினாரோ, அவ்வாசனம் ஒன்றே புதிய சர்வகலாசாலையின் வட்டத்திற்கு வெளியே வைக்கப்பட்டது.

கல்லூரி இன்று நகர்ப்புறத்திலுள்ள பெல்பீல்டில், பல்லாயிரம் மாணவருடன் நடக்கின்றது. பழைய மாளிகையில் 2019 இல் ஐரிஷ் இலக்கிய அரும்பொருட்சாலை ஒன்று திறக்கப்பட்டது. நியூமன் புனிதராக உயர்த்தப்பட்டதும் அதே ஆண்டிலேதான். அதன் அருகே 1856 இல் அவர் எழுப்பிய சர்வகலாசாலைக் கோவிலில் இன்றும் பூசை நடைபெறுகின்றது.