அப்பா பெயரில் போய்ச் சேரும் ஆய்வுக் கட்டுரைகள்

இந்த வாரக் கலந்துரையாடலின் தலைப்பைப் பார்த்ததும், "இதற்கெல்லாம் ஒரு நிகழ்ச்சியா?" என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் வருகிற துணைநூல் பட்டியலைப் பற்றித்தான் பேசினோம். காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே, எது சாய்வெழுத்து என்கிற சமாச்சாரம்!

ஆனால் இன்று நம் வீடுகளில் பகுதி நேரமாக முதுகலை படிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முனைவர் பட்டத்திற்குப் பதிந்துகொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டம் கைக்கு வருமுன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் நிபந்தனை வைத்திருக்கின்றன. பட்டியலின் வடிவம் சரியில்லை என்று, உள்ளடக்கத்தை யாரும் படிக்குமுன்பே கட்டுரை திரும்பி வருவதும் உண்டு. அதோடு தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பட்டியல் எதற்கு? நீங்கள் எடுத்தாண்ட கருத்தை யார் சொன்னார், எப்போது சொன்னார், எந்தத் தலைப்பில், எங்கே என்று இன்னொருவர் தேடிக் கண்டுபிடிப்பதற்கு. அவ்வளவுதான். சர் சி.வி. ராமனுக்கு 1930இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பை அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். அதன் தலைப்பைத் தமிழாக்கி, அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறைப்படி எழுதினால் இப்படி வரும்:

ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). ஒரு புதிய வகை இரண்டாம் நிலைக் கதிர்வீச்சு. நேச்சர், 121, 501–502.

இதில் இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில் வர வேண்டும். கட்டுரைத் தலைப்பு நேராக நிற்கும். மருத்துவ இதழ்கள் கேட்கும் வான்கூவர் முறையில் இதே விவரம், "ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ்" என்று தலைப்பெழுத்துகளில் புள்ளியே இல்லாமல் தொடங்கும். ஆண்டு இதழ்ப் பெயருக்குப் பின்னால் போய்விடும். கட்டுரைக்குள்ளே பெயருக்குப் பதிலாக வெறும் எண்ணைப் போட வேண்டும். மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிப் பேசியதால் வந்த பெயர் அது. ஏபிஏ முறையோ 1929இல் ஏழே பக்கத்தில் வெளியான சிறு வழிகாட்டி. 2019இல் வந்த ஏழாம் பதிப்பு நானூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது! அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பப்போகும் இதழின் 'கட்டுரையாளர்களுக்கான குறிப்பு' பக்கத்தையும், அந்த இதழில் அண்மையில் வந்த இரண்டு மூன்று கட்டுரைகளின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் பெரும்பாலும் போதும்.

இப்போது நம் சிக்கலுக்கு வருவோம்.

இந்த முறைகள் எல்லாம் மேல்நாட்டில் பிறந்தவை. ஒருவர் பெயரின் கடைசிச் சொல் குடும்பப் பெயர், அதை முன்னால் தூக்கிப் போடு, மற்றதை எழுத்தாகச் சுருக்கு என்பதுதான் இவற்றின் கணக்கு. சி.வி. ராமன் விஷயத்தில் இது பொருந்திப் போனது. தந்தை பெயர் சந்திரசேகரன், அது 'சி' என்று முன்னால் தலைப்பெழுத்தாகிவிட்டது. சொந்தப் பெயர் கடைசியில் நின்றது. கணித மேதை ராமானுஜனுக்கும், ராமனின் அண்ணன் மகன் விஞ்ஞானி சந்திரசேகருக்கும் அப்படியே. தந்தையின் எழுத்தை முன்னால் போடும் நம் பழைய வழக்கம் அவர்கள் பெயரைக் காப்பாற்றியது.

மலேசியாவில் நம் மைகார்டில் என்ன இருக்கிறது? சொந்தப் பெயர் முன்னால், நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி, கடைசியில் அப்பா பெயர். சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ. குமார் ஏ/எல் ராமன், கவிதா ஏ/பி ராமன் என்று அண்ணன் தங்கை இருவர் ஆய்வாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைக் கொடுத்தால், பட்டியலில் இருவரும் "ராமன், கே." ஆகிவிடுவார்கள்! ஆய்வு செய்தது பிள்ளைகள், பெயர் வாங்கிக்கொள்வது அப்பா. அது மட்டுமா? ஏ/எல் என்பதை நடுப்பெயர் என்று நினைத்து "ராமன், கே. ஏ." என்று எழுதுகிறவர்களும் உண்டு. பிறகு ஒரே மனிதர் இணையத் தரவுத்தளத்தில் மூன்று மனிதர்களாக நிற்கிறார். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போது "இந்தக் கட்டுரையும் நான் எழுதியதுதான்" என்று நிரூபிக்கப் படாதபாடு பட வேண்டும்.

தொலைக்காட்சியில் ஒருவர் முகத்தின் கீழே பெயரில் ஓர் எழுத்து தவறிப் போனாலும் மறுநாளே நிலையத்திற்கு அழைப்பு வந்துவிடும். ஆய்விதழில் தவறு வந்தால் பல ஆண்டுகள் யாருக்கும் தெரிவதில்லை.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கி, பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1966இல் கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு நடக்க முன்னின்றவர் தனிநாயகம் அடிகளார். அவர் பெயர் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகவும் வருகிறது, 'தனி', 'நாயகம்' என்று பிரிந்தும் வருகிறது. அதனால் சில பட்டியல்களில் அவரை 'டி' எழுத்தில் தேட வேண்டும், சிலவற்றில் 'என்' எழுத்தில்.

என்ன செய்யலாம்? முதல் கட்டுரையை அனுப்புமுன்பே உங்கள் ஆய்வுப் பெயரை முடிவு செய்துகொள்ளுங்கள். "ஆர். குமார்", "ஆர். கவிதா" என்று பழைய முறையில் போட்டால் மேலே சொன்ன இரண்டு முறைகளிலும் சொந்தப் பெயரே முன்னால் வரும். என்னைக் கேட்டால் நம்மவர்களுக்கு அதுவே நல்லது. எதைத் தேர்ந்தாலும் கடைசி வரை மாற்றாதீர்கள். 2012இல் தொடங்கிய ஓர்கிட் என்ற இலவச அமைப்பில் பதிந்தால் பதினாறு இலக்க எண் கிடைக்கும். பெயர் எப்படிச் சிதைந்தாலும் கட்டுரைகளை அந்த எண் ஒன்றாகக் கட்டி வைக்கும். பிறரை மேற்கோள் காட்டும்போது, அவர் தம் கட்டுரையில் பெயரை எப்படிப் போட்டிருக்கிறார் என்று பார்த்து எழுதுங்கள். அப்பா பெயரை இழுத்து முன்னால் போட வேண்டாம்.

ஈப்போ ஆசிரியை ஒருவர், "சாட்ஜிபிடியிடம் கேட்டால் பட்டியல் வந்துவிடுகிறதே" என்றார். வரும். ஆனால் உண்மையான ஆய்வாளர் பெயரும் உண்மையான இதழின் பெயரும் சேர்ந்து, எழுதப்படாத கட்டுரையும் வரும். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் அது கொடுத்த, நடக்காத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 அமெரிக்க டாலர் அபராதம் கட்டினார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு டிஓஐ எண்ணையும் இணையத்தில் திறந்து பாருங்கள். வேறு கட்டுரை திறந்தாலோ, ஒன்றுமே திறக்காவிட்டாலோ, மூலத்தைக் கையில் எடுக்கும்வரை அந்த வரியைச் சேர்க்காதீர்கள்.

சொட்டேரோ போன்ற இலவச மென்பொருள்கள் பட்டியலைத் தாமே அடுக்கிக் கொடுக்கும். நேரம் மிச்சம்தான். ஆனால் அவையும் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளக்கூடும். சொட்டேரோவில் பெயரை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் எழுத வசதி உண்டு. மலாய்ப் பெயர்களுக்கும் அதையே பயன்படுத்தலாம். கட்டுரை ஏற்கப்பட்ட பின் அச்சுக்கு முந்திய பார்வைப் படி உங்களுக்கு வரும். அதில் முதலில் உங்கள் பெயரைப் பாருங்கள், பிறகு பட்டியலில் உள்ள நம்மவர் பெயர்களைப் பாருங்கள். வெளியான பிறகு மாற்ற வேண்டுமென்றால், இதழாசிரியருக்கு எழுதிக் கேட்டு, அவர் திருத்தக் குறிப்பு வெளியிடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.