சேர்வராயன் மலைக்கு எந்தப் பழைய வண்டி?

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டைத் தொடும்போது உயரம் 1,500 மீட்டரை எட்டிவிடும். அங்கே காற்றின் அடர்த்தி சேலத்தைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலையும் குறைத்துக்கொள்ளப் பழைய கார்புரேட்டருக்குத் தெரியாது. பிளக் கரி பிடிக்கும், இழுவை தளரும். கீழே சிங்கம்போல் உறுமிய புல்லட் மேலே இருமுவது இதனால்தான். பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை ஓர் அளவு சிறியதாக மாற்றினால் இருமல் நிற்கும். இழந்த சக்தி முழுதும் திரும்பாது.

பழைய வண்டிகளை மண்ணில் ஓட்டும் கிளாசிக் மோட்டோகிராஸ் பந்தயம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேரூன்றிய விளையாட்டு. புல்லட்டும் யெஸ்டியும் ஆர்.எக்ஸ். 100-உம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டில் அது வேர்விட எல்லாத் தகுதியும் உண்டு. அப்படி ஒரு களம் அமைந்தால் எந்த வண்டி ஜெயிக்கும்?

மோட்டோகிராஸின் பிறப்பு 1924-இல், இங்கிலாந்தின் கேம்பர்லியில். உலகச் சாம்பியன் பட்டம் 1957-இல் வந்தது. 500 சிசி பிரிவில் நெடுங்காலம் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் ராஜ்ஜியம். 1964, 1965 இரண்டு ஆண்டும் ஜெஃப் ஸ்மித் பி.எஸ்.ஏ. வண்டியில் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டே, செக்கோஸ்லோவாக்கியாவின் சி.இசட். டூ ஸ்ட்ரோக் வண்டியில் வந்த பால் ஃப்ரீட்ரிக்ஸ் அதைப் பறித்து, 1968 வரை கையில் வைத்திருந்தார். அந்தப் போட்டியின் இரு தரப்புக்கும் நம் ஊரில் உறவுக்காரர்கள் உண்டு. சென்னை திருவொற்றியூரில் தயாரான புல்லட் பிரிட்டிஷ் ஃபோர் ஸ்ட்ரோக் மரபு. மைசூரில் தயாரான ஜாவாவும் யெஸ்டியும் செக் டூ ஸ்ட்ரோக் மரபு.

எண்களை வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. புல்லட் 350 சுமார் 18 குதிரைசக்தி, எடை 165 கிலோ அளவில். யெஸ்டி ரோட்கிங் 16 குதிரைசக்தி, சுமார் 140 கிலோ. ஆர்.எக்ஸ். 100 பதினொன்று, சுமார் 100 கிலோ. மூன்றிலும் ஒரு குதிரைசக்தி சுமக்கும் வண்டி எடை கிட்டத்தட்ட 9 கிலோதான்! மலையேறினால் மூன்றும் அதே விகிதத்தில்தான் இழக்கும். ஆகவே, டீக்கடைகளில் ஓயாமல் நடக்கும் 'பவர்' சண்டைக்கு இங்கே வேலையில்லை.

வேறுபாடு, சக்தி எப்படி வந்து சேர்கிறது என்பதில் இருக்கிறது. புல்லட்டின் பிஸ்டன் 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஓட்டம் கொண்டது. கனமான ஃபிளைவீலோடு நிதானமாகத் துடிக்கும். மழையில் நனைந்த செம்மண் சரிவில் டயர் வழுக்காமல் பிடித்து ஏற இந்த நிதானம் உதவும். ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலை ஜானி பிரிட்டன் 1952-இலும் 1957-இலும் புல்லட்டில் வென்றார். ஆனால் அது பொறுமைக்கான போட்டி. வேகமாகத் தாவி விழும் பந்தயத்தில் 165 கிலோ பெரும் பாரம். ஆர்.எக்ஸ். நேர்மாறு: எடை குறைவு, ஆனால் 7,500 சுற்றுக்கு முறுக்கினால்தான் முழுச் சக்தி. ரோட்கிங்குக்கு 4,500 போதும். ஜாவா மரபில் கியரை மிதித்தாலே கிளட்ச் தானாக விடுபடும் என்பதால் மேடுபள்ளத்தில் இடது கை ஹேண்டில்பாரை இறுகப் பிடித்திருக்கலாம்.

எஞ்சினைவிட முக்கியமானது சஸ்பென்ஷன். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் வண்டியை 10 சென்டிமீட்டருக்குள் ஷாக் நிறுத்தினால், அதன் மேல் விழும் சராசரி விசை எடையைப்போல் 11 மடங்கு. 30 சென்டிமீட்டர் கிடைத்தால் நான்கு மடங்குக்குச் சற்று மேல். 1973-இல் ஹோகன் ஆண்டர்சன் பின்னால் ஒரே ஷாக்கோடு நீண்ட ஓட்டம் தரும் யமஹாவின் மோனோஷாக் வண்டியில் 250 சிசி உலகப் பட்டம் வென்றதும் பழைய சட்டகங்கள் ஒரே அடியில் கிழடாயின. அதனால்தான் அமெரிக்காவின் ஏ.எச்.ஆர்.எம்.ஏ. அமைப்பு விண்டேஜ் பிரிவில் சஸ்பென்ஷன் ஓட்டத்தை முன்னால் 7 அங்குலம், பின்னால் 4 அங்குலம் என்று கட்டுப்படுத்துகிறது.

இந்தியாவுக்கும் நுட்பத்தை அளவுகோலாக்கும் இந்த வழிதான் பொருந்தும். '1965-க்கு முந்தியவை' என்று ஆண்டைக் கணக்கிட்டால் நம் வண்டிகளில் பெரும்பாலானவை வாசலிலேயே நின்றுவிடும். ஐம்பதுகளின் வார்ப்பிரும்பு எஞ்சினோடு புல்லட் 2000-களிலும் விற்பனையானது. மைசூர் யெஸ்டி 1996 வரை வந்தது. தயாரித்த ஆண்டு புதிது, தொழில்நுட்பம் பழையது. அதனால் டிரம் பிரேக், இரட்டை ஷாக், காற்றில் குளிரும் எஞ்சின் என்று நுட்பத்தை வைத்தே பிரிவு வகுக்க வேண்டும்.

அப்படி வகுத்தால், புல்லட்டைவிட எடை குறைவு, ஆர்.எக்ஸ். போல் முறுக்கவும் வேண்டாம் என்பதால் சேர்வராயன் சரிவில் தீர்ப்பு யெஸ்டி பக்கம்தான்; இறக்கத்தில் மட்டும் அது கவலைக்குரியது. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், ஆக்சிலரேட்டரை மூடினால் ஆயிலும் குறைந்துவிடும். நீண்ட இறக்கத்தில் பிஸ்டன் சீஸ் ஆகலாம். புல்லட்டுக்கு அந்தக் கவலை இல்லை, எஞ்சினே பிரேக்காக உதவும்.

பந்தயத்தை மலைச்சாலையிலோ காப்பித் தோட்டத்திலோ காட்டிலோ வைக்கக் கூடாது. மூடிய திடல் வேண்டும். வீட்டில் யெஸ்டி முடங்கிக் கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஏற்காட்டுக்கு ஓட்டிப் போனால், இறங்கும்போது அவ்வப்போது கிளட்சைப் பிடித்துச் சற்று முறுக்கிவிடுங்கள். ஆயில் உள்ளே போகட்டும்.