ஒரு கணினி, இரண்டு கணக்கு

வீட்டில் கணினி ஒன்றுதான். அம்மாவுக்கு ஒரு கணக்கு, மகளுக்கு ஒரு கணக்கு. உபுண்டு லினக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் கணக்கில் வீட்டுச் செலவு எழுதும் எக்செல் ஃபைல் ஒன்று இருக்கிறது. மகளும் அதில் எழுத வேண்டும். அம்மா அந்த ஃபைலின் அமைப்பைத் திறந்து, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று மாற்றிவிட்டார். மகள் தன் கணக்கில் நுழைந்து பார்த்தால், அனுமதி இல்லை என்கிறது கணினி. அனுமதிதான் கொடுத்தாயிற்றே! டீயை எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாகவே பார்ப்போம்.

1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த யூனிக்ஸிலிருந்து வந்த முறை இது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, ஒரு குழு உண்டு. இரண்டிலும் சேராதவர்கள் 'மற்றவர்கள்'. மூன்று தரப்புக்கும் தனித்தனியாக மூன்று அனுமதிகள்: படிக்க, எழுத, இயக்க. உபுண்டு ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு தனிக் குழு வைத்துவிடுவதால், அம்மாவின் ஃபைல்களைப் பொறுத்தவரை பெற்ற மகளும் மற்றவர்தான்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஃபோல்டர். அதை ஒரு பை என்றும், ஃபைல் அதற்குள் கிடக்கிறது என்றும் நினைக்கிறோம். திரையில் தெரியும் படமும் அப்படித்தான் நம்பவைக்கிறது. உண்மையில் ஃபோல்டர் என்பது நூலகத்து மேசையில் இருக்கும் புத்தகப் பட்டியல் மாதிரி: ஒரு பெயர், அதற்கு எதிரே ஓர் எண். அவ்வளவுதான் அதில் இருப்பது. புத்தகம் வேறெங்கோ அலமாரியில் இருக்கிறது. உரிமையாளர் யார், குழு எது, யாருக்கு என்ன அனுமதி என்பதெல்லாம் அந்த எண்ணுக்குரிய ஐநோடு என்னும் குறிப்பில் இருக்கும், பட்டியலில் இருக்காது.

இப்போது ஃபோல்டரின் மூன்று அனுமதிகளைப் பார்ப்போம். படிக்க என்றால், பட்டியலில் உள்ள பெயர்களைப் பார்க்கலாம். எழுத என்றால், பெயரைச் சேர்க்கலாம், அடிக்கலாம். இயக்க என்பதுதான் பட்டியலைத் தாண்டி ஃபைலுக்குப் போகும் உரிமை. 2021 ஏப்ரலில் வந்த 21.04 பதிப்பு முதல், உபுண்டு புதுக் கணக்குகளின் வீட்டு ஃபோல்டரை, அதாவது கணக்குக்காரரின் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரை, 750 என்ற அனுமதியுடன் உருவாக்குகிறது. மூன்று இலக்கமும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள். கடைசியில் உள்ள பூஜ்யம் மற்றவர்களுக்கு: எந்த அனுமதியும் இல்லை. ஆகவே மகள் அங்கேயே நிறுத்தப்படுகிறாள். ஃபைலில் அம்மா கொடுத்த அனுமதியைக் கணினி புரட்டிப் பார்க்கும் கட்டமே வருவதில்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் வரும். சொன்னால் பலர் நம்புவதில்லை. ஃபைலை அழிப்பது என்பது பட்டியலில் பெயரை அடிப்பது. எனவே ஃபோல்டரில் எழுதவும் இயக்கவும் அனுமதி உள்ளவர், தன்னால் திறந்து படிக்கக்கூட முடியாத ஃபைலைச் சர்வசாதாரணமாக அழித்துவிடலாம்.

சரி, வழி என்ன? வீட்டு ஃபோல்டரை 777 ஆக்கு, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடு என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், தலைவலிக்குத் தலையை எடுக்கிற வைத்தியம் அது. இருவருடைய வீட்டு ஃபோல்டருக்கும் வெளியே ஒரு பொது ஃபோல்டர் போதும். குடும்பத்துக்கென்று ஒரு குழு தொடங்கி இருவரையும் சேர்ப்போம். சேர்த்த பிறகு இருவரும் ஒருமுறை லாக்அவுட் செய்து மறுபடி நுழைய வேண்டும், இல்லாவிட்டால் பலிக்காது. பொது ஃபோல்டரை அந்தக் குழுவுக்கு மாற்றி, 2770 என்று அனுமதி கொடுப்போம். முன்னால் நிற்கும் 2, செட்ஜிஐடி என்ற குறி. அங்கே யார் எதைப் புதிதாக உருவாக்கினாலும் அது ஃபோல்டரின் குழுவுக்கே சேரும்.

'புதிதாக' என்பதைக் கவனியுங்கள். பழைய ஃபைலை இழுத்துவந்து அங்கே போட்டால், ஒரே டிஸ்க்கில் அது வெறும் மூவ். ஒரு பட்டியலில் பெயரை அடித்து இன்னொன்றில் எழுதுவதோடு வேலை முடிந்தது. புத்தகம் அலமாரியில் அசையவே இல்லை. பழைய குழுவும் பழைய அனுமதியும் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். மகளால் திறக்க முடியும், திருத்த முடியாது என்ற குழப்பம் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. காப்பி செய்தால் புது ஃபைல் உருவாகும், குழு சரியாக அமையும். எழுதும் அனுமதி யூமாஸ்க் என்ற அமைப்பையும் பொறுத்தது: அது 002 என்றால் குழு எழுதலாம், 022 என்றால் படிக்க மட்டும்.

ஒருவர் போட்டதை மற்றவர் அழிக்கக் கூடாதென்றால் 3770 என்று கொடுக்கலாம். கூடுதலாகச் சேரும் 1, ஸ்டிக்கி பிட். அதன்பின் ஃபைலின் உரிமையாளர், ஃபோல்டரின் உரிமையாளர், ரூட் என்னும் நிர்வாகக் கணக்கு ஆகிய மூவரே பெயரை அடிக்க முடியும். புகைப்படங்களைப் போட்டுவைக்க இது நல்லது. செலவுக் கணக்கு போல இருவரும் திருத்தும் ஃபைலுக்கு ஒத்துவராது. பல செயலிகள் சேமிக்கும்போது புது ஃபைலை எழுதிவிட்டு, பழையதன் இடத்தில் அதை வைக்கின்றன. அதுவும் பெயரை அடிப்பதுதான். அந்தச் செலவுக் கணக்கு 2770 ஃபோல்டரிலேயே இருக்கட்டும்.