டிராக்டர் என்ஜின் சூடேறவில்லையா?

என்ஜின் கொதித்தால் பதறுகிறோம். சூடே ஏறாவிட்டால் கவலையின்றி ஓட்டுகிறோம். அது நல்லதன்று. சூடேறாத என்ஜினில் டீசல் முழுவதும் எரிவதில்லை. மிஞ்சியது சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு இறங்கி, என்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்கிறது. லைனரும் பிஸ்டன் ரிங்குகளும் விரைவில் தேய்கின்றன.

அரைமணி நேரம் உழுத பின்பும் வெப்பக்காட்டியின் முள் எழவில்லையா? முதலில், என்ஜின் நன்கு ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீர்மட்டம் பாருங்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டு, விசிறிப் பக்கம் கை போகாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸை இலேசாகத் தொட்டு வாருங்கள். சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பின் சட்டென்று சுட வேண்டும். அப்படிச் சுட்டும் முள் எழாவிட்டால் பழுது வெப்பக்காட்டியில்தான். தொடக்கத்திலிருந்தே சிறுகச் சிறுக வெதுவெதுப்பானால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும். அல்லது அங்கே இருக்கவே இருக்காது! நம் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றிவிடும் மெக்கானிக்குகள் உண்டு.

ஆறிய தெர்மோஸ்டாட்டின் வாய் திறந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். மூடியிருந்தால் நூலில் கட்டி, தெர்மாமீட்டருடன் தண்ணீரில் அடிபடாமல் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தால் ஏறக்குறைய 82 டிகிரி சென்டிகிரேடில்தான் திறக்கத் தொடங்க வேண்டும். மிகவும் முன்னதாகத் திறந்தாலும் ஆகாது. அதே எண்ணுள்ள புதியதை வாங்கி, புது கேஸ்கெட்டுடன் பூட்டுங்கள்.