"பயம் வேணும்!" – மழலை பேசும் நம் பிள்ளைகள்



நாள் பூராவும் மலையில கொழுந்து பறிச்சுட்டு, பிள்ளைக் காம்பராவில் இருந்து பிள்ளையைத் தூக்கும்போது, அது சொல்லும் ஒரு சொல்லிலே களைப்பெல்லாம் பறந்து போகிறது. வள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் மழலைச் சொல்லுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். அந்த மழலை ஏன் அப்படி வருகிறது, நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இம்முறை பார்ப்போம்.

பிள்ளைக்கு முதலில் வருவது உதட்டை மூடித் திறந்து சொல்லும் எழுத்துக்கள். அதனால்தான் தமிழிலும் சிங்களத்திலும் 'அம்மா' ஒரே சொல்லாக இருக்கிறது. பால் குடிக்கும் பிள்ளை மூக்கால் முனகும் 'ம்' சத்தமே பல மொழிகளில் தாயின் பெயராகியது என்று ரோமன் யாக்கொப்சன் என்ற மொழி அறிஞர் 1960இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார்.

'க' தொண்டைப் பக்கம் இருந்து வர வேண்டும். அது கஷ்டம். பல்லில் நாக்கை வைத்துச் சொல்லும் 'த' லேசு. ஆகவே லயத்துக் கூரையில் காக்கா வந்து உட்கார்ந்தால் பிள்ளை "தாத்தா! தாத்தா!" என்று கை காட்டும். உள்ளே படுத்திருக்கும் தாத்தா "என்ன ராசா?" என்று எழும்பி வருவார்! 'ர', 'ழ', 'ற' எல்லாம் கடைசியில்தான் வரும். பழம் கேட்கும் பிள்ளை "பயம் வேணும்" என்று அழும். தொரையைக் கண்டு "தொலை! தொலை!" என்று கத்தினால் கங்காணிக்கு வேர்த்துப் போகும். பிள்ளை மரியாதையாகத்தான் கூப்பிடுகிறது, நாக்குத்தான் இன்னும் பழகவில்லை.

தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, பன்வில பக்கங்களில் நம் பிள்ளைகள் காதில் சிங்களமும் விழுகிறது. இங்கேயும் வேடிக்கைதான். சிங்களத்தில் 'தாத்தா' என்றால் அப்பா. நம் பிள்ளை "காக்கா" என்று காகத்தைக் காட்ட, பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கக்கூசுக்கு ஓடுவார். ஏனென்றால் அவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லும் 'கக்கா' அந்த வேலைக்குத்தான்! இரண்டு மொழி கேட்டால் பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கொஞ்ச நாள் இரண்டையும் கலந்து பேசும், பிறகு தானாகவே பிரித்துக்கொள்ளும்.

அப்பாவைப் பார்த்து "வாடா" என்று கூப்பிட்டால் அடிக்க வேண்டாம். அதை எல்லோரும் 'வாடா' என்றுதானே கூப்பிடுகிறோம்? கேட்டதைத்தான் அது சொல்லும். லயத்தில் சண்டை பிடிக்கும்போது வாயில வரும் கெட்ட வார்த்தையும் அப்படித்தான் பிள்ளை வாய்க்குப் போகிறது. அதைக் கேட்டுச் சிரித்தால் திரும்பத் திரும்பச் சொல்லும். கண்டுகொள்ளாமல் நல்ல சொல்லைச் சொல்லிக் கொடுங்கள்.

பிள்ளை பிழையாகச் சொன்னால் கேலி செய்யாதீர்கள். "பயம்" என்றால் "ஓ, பழமா? இந்தா, வாழைப்பழம்" என்று சரியான சொல்லை நாம் சொன்னால் போதும். குளிக்க வார்க்கும்போது, ரொட்டி ஊட்டும்போது, நிலாவைக் காட்டும்போது பேசிக்கொண்டே இருங்கள். நீங்கள் மலையில் இருக்கும் நேரம் முழுக்க பிள்ளை காம்பராவில்தான் இருக்கிறது. ஆகவே அங்கே பார்க்கும் அம்மாவும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவது ரொம்ப அவசியம். அழுகையை நிறுத்த கைத்தொலைபேசியைக் கொடுத்தால் பேச்சு வளராது. இரண்டு வயதுக்குள் திரைப் பழக்கம் வேண்டாம், அதன்பின் நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது.

பேச்சு வர வசம்பு உரசி நாக்கில் தடவுவது நம்மிடம் பழைய வழக்கம். அதனால் பேச்சு வராது, வாந்திதான் வரும். 1 வயதுக்கு முன் தேன் தொட்டு வைப்பதும் ஆபத்து. அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தைக்குக் கடும் நோயைத் தரலாம்.

எப்போது கவனிக்க வேண்டும்? 1 வயதளவில் ஒன்றிரண்டு சொல் வரும். 2 வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும். 3 வயதில் வெளி ஆட்களுக்கும் பெரும்பாலும் விளங்கும். ஒரு பிள்ளைக்கு முந்தும், ஒன்றுக்குப் பிந்தும். ஆனால் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, காதில் சீழ் வடியும் பிள்ளை, 2 வயதிலும் சொற்களைச் சேர்க்காத பிள்ளை, பேசின பேச்சை நிறுத்திக்கொண்ட பிள்ளை இருந்தால் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று விட்டுவிடாதீர்கள். காது கேட்காத பிள்ளைக்குப் பேச்சு எப்படி வரும்? கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மிட்வைப் அம்மாவிடம் காட்டுங்கள். அவர் வைத்தியரிடம் அனுப்பி வைப்பார். அரை நாள் பேர் போகும்தான். ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கலாம்.

இந்த மழலை இரண்டு மூன்று வருஷம்தான். அதுவரை ரசித்துக் கேளுங்கள், பதில் சொல்லுங்கள்.